நுண்ணுயிர்களின் வரலாறு – 14: யார் மூக்கிலிருந்து யாருக்கு?

மேரி பார்பரின் எண்களோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் நோயாளிகளிடமிருந்து அவர் பிரித்தெடுத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாக்களில் பெனிசிலினுக்கு அடங்காதவை 1946இல் 14 விழுக்காடு. அடுத்து 38. 1948இல் 59. பெனிசிலின் புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது.

இந்த ஏற்றத்துக்கு இரண்டு விளக்கங்கள் இருக்க முடியும். ஒவ்வொரு நோயாளியின் உடலிலும் அவரவர் பாக்டீரியா மருந்தைத் தாக்குப்பிடிக்கத் தனித்தனியாகத் தேறிவருகிறது என்பது ஒன்று. ஏற்கெனவே தேறிய சில பாக்டீரியாக் குடும்பங்கள் மருத்துவமனைக்குள் ஆள் மாற்றி ஆள் தொற்றிக்கொண்டு பரவுகின்றன என்பது இன்னொன்று. முதலாவது உண்மையென்றால் மருந்தின் அளவையும் கால இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது உண்மையென்றால் தேட வேண்டிய இடம் மருந்துப்புட்டி அல்ல. வார்டுகளில் நடமாடுபவர்களின் கைகளும் மூக்குகளும்.

எது உண்மை என்று சொல்ல, ஒரு ஸ்டாஃபிலோகாக்கஸை இன்னொரு ஸ்டாஃபிலோகாக்கஸிடமிருந்து பிரித்தறிய வேண்டும். நுண்ணோக்கியில் எல்லாம் ஒரே உருண்டை, ஒரே கொத்து. வளர்ப்புத் தட்டில் எல்லாம் அதே பொன்னிறம். இங்கேதான் வடக்கு லண்டனின் கொலின்டேல் ஆய்வகம் கதைக்குள் வருகிறது.

1945இல் கொலின்டேலின் வில்சனும் அட்கின்சனும் ஸ்டாஃபிலோகாக்கஸைக் கொல்லும் வைரஸ்களைக் கொண்டே அதை வகைபிரிக்கும் முறையை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஃபேஜ் எனப்படும் இந்த வைரஸ்கள் நாக்கு நீண்டவை அல்ல. ஒவ்வொன்றும் சில வகைப் பாக்டீரியாக்களை மட்டுமே தின்னும், மற்றவற்றைத் தொடாது. சந்தேகத்துக்குரிய பாக்டீரியாவைத் தட்டு முழுக்கப் பரப்பி வளரவிட்டு, அதன் மேல் வெவ்வேறு ஃபேஜ்களை வரிசையாகச் சொட்டுச் சொட்டாக இடவேண்டும். மறுநாள் காலையில் பார்த்தால், எந்தெந்தச் சொட்டு பாக்டீரியாவைத் தின்றதோ அந்தந்த இடத்தில் ஆப்பத்தில் விழுந்த கண்களைப் போலத் தெளிந்த வட்டங்கள் இருக்கும். எந்த எண்ணுள்ள ஃபேஜ்கள் வேலை செய்தன என்ற பட்டியலே அந்தப் பாக்டீரியாவின் பெயர். பின்னாளில் உலகம் முழுக்க ஆய்வகங்கள் 23 ஃபேஜ்கள் கொண்ட பொதுத் தொகுப்பை வைத்துக்கொண்டு ஒரே மொழியில் பேசத் தொடங்கின.

பார்பர் இந்தக் கருவியைக் கையிலெடுத்தார். ஒயிட்ஹெட் என்பவரோடு சேர்ந்து 1949இல் எழுதிய கட்டுரையில், பெனிசிலினுக்கு அடங்காத பாக்டீரியாக்களை ஃபேஜ் வகைகளின்படி பிரித்துப் பார்த்தார். எல்லாத் திசைகளிலும் சிதறாமல் அவை சில வகைகளில் குவிந்திருந்தன. இரண்டாம் விளக்கமே வென்றது. மருந்து பாக்டீரியாவுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. முன்பே அந்தத் திறன் இருந்தவற்றுக்குப் போட்டியாளர்களை ஒழித்துக்கொடுத்தது. மீதியை மருத்துவமனையின் நெரிசல் பார்த்துக்கொண்டது.

மூக்கின் மேல் ஏன் சந்தேகம் விழுந்தது என்று கேட்கலாம். அடிக்கடி கட்டி வருபவர்களின் மூக்கில் அதே பாக்டீரியா குடியிருப்பதை நார்வே நாட்டுத் தோல் மருத்துவர் டான்போல்ட் 1931லேயே கவனித்திருந்தார். நாசித்துளையின் வாசலில், முடி முளைக்கும் அந்தச் சிறிய தோல் பரப்பில்தான் இதற்கு விருப்பமான வீடு. எந்த ஊரில் எந்த நாளில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் இது கிடைக்கும். பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் தராது. மூக்கு நோண்டும் பழக்கமுள்ளவர்களிடம் அது கூடுதலாகக் காணப்படுவதாக 2006இல் ஹாலந்து ஆய்வாளர்கள் முறைப்படி ஆராய்ந்து, முறைப்படி கட்டுரையும் வெளியிட்டார்கள். நம் பாட்டிமார்கள் கைமேல் அடித்ததற்கு இதைவிட நல்ல மேற்கோள் கிடைக்காது.

ஆக, மூக்கிலிருந்து விரல், விரலிலிருந்து புண். பாதை குட்டையானது. அந்தப் பாதையில் நாள் முழுக்க நிற்பவர்கள் செவிலியர்கள்.

சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் மருத்துவமனையில் ஃபிலிஸ் ரவுண்ட்ரீ என்ற நுண்ணுயிரியலாளர் இருந்தார். செவிலியர்களில் எவ்வளவு பேர் மூக்கில் இந்தப் பாக்டீரியாவைச் சுமக்கிறார்கள் என்பதைப் பற்றி 1951இலேயே கட்டுரை எழுதியவர். அந்தக் காலத்தில் பல நாட்டு மருத்துவமனைகளிலும் ஒரே காட்சிதான் தெரிந்தது. பயிற்சிக்குச் சேரும் நாளில் இளம்பெண்களின் மூக்கில் இருப்பது பெனிசிலினுக்குப் பணியும் சாதுவான வகை. வார்டில் சில மாதங்கள் வேலை பார்த்த பிறகு எடுத்துப் பார்த்தால் மருத்துவமனையின் முரட்டு வகை அங்கே குடியேறியிருக்கும்.

இந்தக் காட்சியை ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். நோயாளியிடமிருந்து செவிலியருக்கு வந்ததா, செவிலியரிடமிருந்து நோயாளிக்குப் போனதா? ஃபேஜ் தட்டு இருவரிடமும் இருப்பது ஒரே வகை என்று சொல்லும். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று சொல்லாது. ஆனால் மருத்துவமனை நிர்வாகங்களுக்கு அந்த நுணுக்கத்துக்குப் பொறுமை இருப்பதில்லை. வகை பொருந்திவிட்டால் ஊழியரே ஊற்றுக்கண் என்று முடிவுகட்டுவது எளிது. அன்றைய கட்டுரைகளை நான் படித்தவரை, குச்சி போட்டுப் பார்க்கப்படும் மூக்கு பெரும்பாலும் செவிலியருடையதாகவே இருக்கிறது. பெரிய டாக்டரின் மூக்கு அபூர்வமாகத்தான் அகப்படுகிறது. தொற்று பதவி பார்ப்பதில்லை, தேடல் பார்த்தது.

1953 வாக்கில் சிட்னியின் மகப்பேறு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளுக்குக் கொப்புளங்களும் சீழ்க்கட்டிகளும் பரவின. தாய்மார்களுக்கு மார்பில் சீழ் கட்டியது. நலமாக வீட்டுக்குப் போன குழந்தைகள் சில வாரங்களில் நோயோடு திரும்பின. ரவுண்ட்ரீ அந்தப் பாக்டீரியாவை அப்போதிருந்த ஃபேஜ்களால் சோதித்தபோது எதுவும் அதைச் சரியாகத் தின்னவில்லை. வகைப்படுத்த முடியாதது என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் அதைத் தின்னும் புதிய ஃபேஜ் ஒன்றைத் தேடிப்பிடித்தார். அதற்கு 80 என்ற எண் கிடைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவில் தொல்லை கொடுத்த ஒரு வகைக்கு எதிராக அங்குள்ளவர்கள் கண்ட ஃபேஜுக்கு 81. இரண்டு ஃபேஜ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சிட்னிக் குழந்தைகளைத் தாக்கியதும் கனடாவில் கிளம்பியதும் ஒரே பாக்டீரியா என்று தெரிந்தது. மருத்துவ வரலாற்றில் அது 80/81 என்ற பெயரோடு நிலைத்தது. 1950களின் இறுதிக்குள் இங்கிலாந்து, அமெரிக்கா என்று அது போகாத மகப்பேறு வார்டு குறைவு.

நியூயார்க்கில் அதை எதிர்கொண்டவர்கள் ஹென்றி ஷைன்ஃபீல்டும் ஹெய்ன்ஸ் ஐக்கன்வால்டும் அவர்களுடைய சகாக்களும். நியூயார்க் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் 80/81 தலைகாட்டியது. மூக்குகளைச் சோதித்ததில் ஒரு செவிலியரின் மூக்கில் அது இருந்தது. வழக்கமான கதை அதோடு முடிந்திருக்கும்: அவரை வேலையிலிருந்து விலக்கு, அறையைக் கழுவு. இவர்கள் அந்தச் செவிலியர் தொட்ட குழந்தைகளின் பட்டியலை எடுத்து உட்கார்ந்தார்கள். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைகளில் பலருக்கு அவருடைய பாக்டீரியா ஒட்டியிருந்தது. அதே செவிலியர் அதே கைகளால் பராமரித்த, ஒரு நாளைத் தாண்டிய குழந்தைகளுக்கு ஒட்டவில்லை.

ஏன்? மூத்த குழந்தைகளின் மூக்கிலும் தொப்புளிலும் அதற்குள் வேறொரு ஸ்டாஃபிலோகாக்கஸ் குடியேறியிருந்தது. ஆள் இருக்கும் வீட்டுக்குள் 80/81ஆல் நுழைய முடியவில்லை. முதலில் வந்து இடம்பிடித்த அந்தச் சாதுவான வகைக்கு 502ஏ என்று பெயரிட்டார்கள். அதன் மூலமும் அதே பிரிவில் வேலை செய்த இன்னொரு செவிலியரின் மூக்குதான்.

இந்த இடத்தில் வரலாறு திகைக்கவைக்கும் ஒரு திருப்பம் எடுக்கிறது. ஒரு மூக்கு நோயைத் தருகிறது, இன்னொரு மூக்கு அதைத் தடுக்கிறது என்றால், தடுக்கும் மூக்கின் சரக்கை வேண்டுமென்றே குழந்தைகளுக்குக் கொடுத்தால் என்ன? கொடுத்தார்கள். 80/81 ஆட்டம் போட்டுக்கொண்டிருந்த சின்சினாட்டி, ஜார்ஜியா, லூசியானா மருத்துவமனைகளில், பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகளின் மூக்கிலும் தொப்புளிலும் 502ஏ தடவப்பட்டது. 1963இல் வெளியான தொடர் கட்டுரைகளைப் பார்த்தால் அது வேலை செய்தது என்பதில் சந்தேகமில்லை. 80/81 அந்தப் பிரிவுகளிலிருந்து பின்வாங்கியது. ஃபேஜ் வகைப்பிரிப்பு இல்லாமல் இந்த ஆய்வை நினைத்தே பார்த்திருக்க முடியாது. குழந்தையின் மூக்கில் இருப்பது நாம் வைத்ததா, எதிரி வைத்ததா என்று பார்த்துச் சொல்ல வேறு வழி அன்று கிடையாது.

ஆனால் சாது என்பது ஒப்பீட்டுச் சொல். 502ஏயும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான். அது தடவப்பட்ட குழந்தைகளில் சிலருக்குச் சிறு கொப்புளங்கள் வந்தன. 1972இல், அதே 502ஏ இரத்தத்தில் கலந்து ஒரு பச்சிளங்குழந்தை இறந்ததை மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. ஆரோக்கியமான உடலில் பாக்டீரியாவைத் தெரிந்தே குடியேற்றும் இந்த முறை மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. என் பார்வையில், 20ஆம் நூற்றாண்டு மருத்துவத்தின் மிகத் துணிச்சலான சோதனைகளில் இது ஒன்று. இன்று எந்த அறநெறிக் குழுவும் இதை இதே வடிவில் அனுமதிக்காது. இந்த இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

80/81 ஓய்ந்ததற்கு இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. 1959இல் வந்த மெத்திசிலின். பெனிசிலினை உடைக்கும் நொதியால் இதை உடைக்க முடியாது. கொலின்டேலில் பேட்ரிசியா ஜெவன்ஸ் புதிய மருந்துக்கு அடங்காதவை உண்டா என்று 5,000க்கும் மேற்பட்ட பாக்டீரியா மாதிரிகளைச் சோதித்தார். மூன்று அகப்பட்டன. மூன்றும் ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தவை. 1961இல் வந்த அவருடைய சிறு கடிதமே எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்) என்று உலகம் பின்னர் பயந்து உச்சரித்த எதிரியைப் பற்றிய முதல் அறிவிப்பு.

எம்.ஆர்.எஸ்.ஏ. பெருகப் பெருக ஃபேஜ் முறை தடுமாறியது. எந்த ஃபேஜும் தின்னாத வகைகள் கூடின. ஒரே மாதிரியை இரண்டு ஆய்வகங்கள் சோதித்தால் இரண்டு பட்டியல்கள் வந்தன. எல்லா ஃபேஜ்களையும் உயிரோடு, வீரியம் குன்றாமல் வைத்துப் பராமரிக்கும் வேலை மிகச் சில மையங்களுக்கே சாத்தியமானது. பாக்டீரியாவின் நடத்தையைப் பார்ப்பதை விட்டு அதன் டி.என்.ஏ.வையே பார்க்கும் காலம் பிறந்தது.

1984இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷ்வார்ட்ஸும் சார்லஸ் கேன்டரும் பெரிய டி.என்.ஏ. துண்டுகளைப் பிரிக்க வழி கண்டார்கள். மின்புலத்தின் திசையை விட்டுவிட்டு மாற்றினால், பெரிய துண்டுகள் திரும்பி நகரத் தாமதமாகும், சிறியவை முந்தும். ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு இதைச் செய்வது இப்படி: மூக்கிலிருந்து வளர்த்த பாக்டீரியாவைக் கூழ்க்கட்டிக்குள் பொதிந்து, லைசோஸ்டாஃபின் என்ற நொதியால் அதன் தடித்த சுவரைக் கரைத்து, வெளிப்பட்ட டி.என்.ஏ.வை மிகச் சில இடங்களில் மட்டும் வெட்டும் இன்னொரு நொதியால் நறுக்கி, இரவு முழுக்க மின்சாரத்தில் ஓடவிட வேண்டும். காலையில் பட்டை பட்டையாக ஒரு கோலம் கிடைக்கும். இரண்டு பேரின் மூக்கிலிருந்து வந்தவற்றின் பட்டைகள் எல்லாம் பொருந்தினால் ஒன்றே. இரண்டு மூன்று மாறினால் நெருங்கிய உறவு. ஏழோ அதற்கு மேலோ மாறினால் உறவே இல்லை. ஃப்ரெட் டெனோவரும் சகாக்களும் 1995இல் எழுதிவைத்த இந்த விதியை மருத்துவமனை ஆய்வகங்கள் ஏறக்குறைய சட்டமாகவே கொண்டன.

இந்தப் பட்டைகள் ஒரு வழியாக ஒரு டாக்டரின் மூக்குக்கும் போய்ச் சேர்ந்தன. அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சைத் தீவிர கவனிப்புப் பிரிவு ஒன்றில் 43 நோயாளிகளில் 8 பேருக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. பரவியது. அவர்களோடு தொடர்புகொண்டிருந்தவர்களை அலசியபோது சந்தேகம் ஒரு மருத்துவரிடம் வந்து நின்றது. அவர் மூக்கில் அந்த வகை இருந்தது. ஆனால் எல்லா நாளும் மூக்கில் இருப்பது ஒரு நாளில் மட்டும் ஏன் பரவ வேண்டும்? அவருக்கு அப்போது சளி பிடித்திருந்தது. ஷெரர்ட்ஸ் தலைமையிலான குழு ஊகத்தோடு நிற்கவில்லை. அந்த மருத்துவரின் இசைவோடு, சளி தரும் ரைனோவைரஸை அவருக்கு வேண்டுமென்றே ஏற்றி, அவரைச் சுற்றியுள்ள காற்றை அளந்தார்கள். காற்றில் அவர் பரப்பிய பாக்டீரியாவின் அளவு 40 மடங்கு உயர்ந்தது. முகக்கவசம் அணிந்தபோது கணிசமாகக் குறைந்தது. இது 1996இல் வெளியானது. சளி பிடித்த குழந்தைகள் தங்களைச் சுற்றி ஸ்டாஃபிலோகாக்கஸ் மேகத்தைப் பரப்புவதை 1960இலேயே எழுதியவர் யார் தெரியுமா? 502ஏ கதையில் வந்த அதே ஐக்கன்வால்ட்.

இந்த ஆய்வை நான் உயர்வாக வைப்பதற்குக் காரணம் உண்டு. வகை பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றம் சாட்டாமல், அவரிடமிருந்துதான் போனது என்பதைச் சோதனையால் நிறுவியது. அப்படிச் செய்தவர்கள் குறைவு.

2001இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு சந்தேகத்தின் முகவரியையே மாற்றியது. ஃபான் ஐஃபும் சகாக்களும் பல மருத்துவமனைகளில் இரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கலந்த 219 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, இரத்தத்தில் இருந்ததையும் அவரவர் மூக்கில் இருந்ததையும் பட்டைகளால் ஒப்பிட்டார்கள். 180 பேரிடம் இரண்டும் ஒன்று. நூற்றுக்கு 82 பேருக்கு எதிரி வெளியிலிருந்து வரவில்லை. தன் மூக்கிலிருந்தே தன் இரத்தத்துக்குள் இறங்கியிருந்தது. அரை நூற்றாண்டாகச் செவிலியரின் நாசியைக் குடைந்துகொண்டிருந்த குச்சி, நோயாளியின் நாசிக்குள்ளும் போக வேண்டியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே நோயாளியின் மூக்கைச் சோதித்து முப்பிரோசின் களிம்பு தடவும் வழக்கம் பல நாடுகளில் வலுப்பெற இத்தகைய முடிவுகளே காரணம்.

பட்டைகளுக்கும் ஒரு குறை இருந்தது. ஒரு நகரத்தின் படத்தை இன்னொரு நகரத்தின் படத்தோடு பொருத்திப் பார்ப்பது பெரும்பாடு. எழுத்துகளாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. இங்கிலாந்தில் மார்க் என்ரைட்டும் சகாக்களும் 2000இல் ஸ்டாஃபிலோகாக்கஸின் 7 மரபணுக்களின் எழுத்துவரிசையைப் படித்து எண் கொடுக்கும் முறையை உருவாக்கினார்கள். எஸ்.டி. 22, எஸ்.டி. 239, வங்காள விரிகுடாவின் பெயரைத் தாங்கி இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து உலகெங்கும் போன எஸ்.டி. 772 என்று பாக்டீரியாக் குடும்பங்களுக்கு நிலையான அடையாளங்கள் கிடைத்தன. ஸ்பா என்ற ஒரே ஒரு மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் 24 எழுத்துத் துண்டுகளைப் படிக்கும் முறை இன்னும் மலிவு, அதுவும் பரவியது.

கண்டங்களுக்கிடையே பாக்டீரியாவின் பயணத்தை வரைய இவை அருமை. ஒரு வார்டுக்குள் நடந்ததைச் சொல்ல இவை போதாது. இங்கிலாந்து மருத்துவமனைகளின் எம்.ஆர்.எஸ்.ஏ.வில் பெரும்பங்கு எஸ்.டி. 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செவிலியர் மூக்கிலும் ஒரு குழந்தையின் மூக்கிலும் எஸ்.டி. 22 இருப்பதால் என்ன நிரூபணம்? ஊரில் பாதிப் பேருக்கு அதே பெயர் என்றால் பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது.

2010இல் அந்தத் தடை உடைந்தது. சைமன் ஹாரிஸ் உள்ளிட்ட கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள சேங்கர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எஸ்.டி. 239 வகையின் 63 மாதிரிகளின் மரபணுத்தொகுதியை முழுமையாகப் படித்தார்கள். அவற்றில் 20 வடகிழக்குத் தாய்லாந்தின் ஒரே மருத்துவமனையில் ஏழு மாதங்களுக்குள் எடுக்கப்பட்டவை. பழைய முறைகளில் எல்லாம் ஒன்றேபோலத் தெரிந்தவை இப்போது ஒன்றுக்கொன்று வேறுபட்டன. அதைவிட முக்கியமாக ஒரு கடிகாரம் கிடைத்தது. ஏறத்தாழ 28 லட்சம் எழுத்துகள் கொண்ட அந்தத் தொகுதியில் சராசரியாக ஆறு வாரத்துக்கு ஓரெழுத்து மாறுகிறது. இருவரின் பாக்டீரியாக்களுக்கு இடையே எத்தனை எழுத்து வேறுபாடு என்று எண்ணினால், அவை எப்போது பிரிந்தன என்று மதிப்பிடலாம். ஒன்றா என்ற கேள்வியோடு, யாரிடமிருந்து யாருக்கு என்ற கேள்வியையும் முதல்முறையாகக் கேட்க முடிந்தது.

அதைக் கேட்டுப் பார்த்த இடம் கேம்பிரிட்ஜின் ரோசி மருத்துவமனை. 2011இல் அங்குள்ள பச்சிளங்குழந்தைகள் சிறப்புக் கவனிப்புப் பிரிவில் எம்.ஆர்.எஸ்.ஏ. தென்பட்டது. ஆறு மாதங்களில் 12 குழந்தைகளிடம் அது இருந்ததைத் தொற்றுத்தடுப்புக் குழு கண்டுபிடித்தது. நடுநடுவே யாரிடமும் இல்லாத இடைவெளிகள் இருந்ததால் இது ஒரே தொடரா, தற்செயலான உதிரிகளா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஷரன் பீக்காக், ஜூலியன் பார்க்ஹில் ஆகியோரின் குழு மாதிரிகளை முழுதாகப் படித்தது. எஸ்.டி. 2371 என்ற, அதற்கு முன் யாரும் அறியாத வகை அது, எஸ்.டி. 22இன் நெருங்கிய உறவு. தேடலை வார்டுக்கு வெளியேயும் நீட்டியபோது தொடர்புடையவர்கள் 26 பேர் என்று தெரிந்தது. தாய்மார்களுக்கும் வீடுகளுக்கும் அது போயிருந்தது.

பிரிவை முழுக்கத் துப்புரவாக்கினார்கள். அதைச் சுமந்த கடைசிக் குழந்தையும் வெளியேறி 64 நாட்கள் எம்.ஆர்.எஸ்.ஏ. இல்லை. பிறகு ஒரு குழந்தையிடம் மீண்டும் தென்பட்டது. பழைய நாட்களில் இது புதிதாக வந்த வேறொன்று என்று சொல்லிக் கோப்பை மூடியிருப்பார்கள். 64 நாள் இடைவெளி அதற்கு நல்ல சாக்கு. மரபணுத்தொகுதி வேறு சொன்னது. அதே குடும்பம்தான். அதைச் சுமக்கும் குழந்தைகள் யாருமில்லாத 64 நாட்கள் அது எங்கே தங்கியிருந்தது? தங்க ஒரு உடல் வேண்டும்.

154 ஊழியர்களைச் சோதித்தார்கள். ஒரே ஒருவரிடம் இருந்தது.

இங்கேதான் அந்தக் குழுவின் கவனத்தை மெச்ச வேண்டும். அந்த ஊழியரிடமிருந்து ஒரு காலனியை மட்டும் எடுத்துப் பார்க்காமல் 20 காலனிகளைத் தனித்தனியாகப் படித்தார்கள். ஒருவரின் உடலில் இருப்பது ஒரே ஒரு பாக்டீரியா அல்ல, ஓரிரு எழுத்து வேறுபாடுகளோடு கிளைத்த ஒரு கூட்டம். அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் அது எந்தக் கிளை என்பதைப் பொறுத்து அவர் மிக நெருக்கமானவராகவோ சற்றுத் தொலைவானவராகவோ தவறாகத் தெரிந்திருப்பார். ஊழியருக்குச் சிகிச்சை அளித்து அந்தப் பாக்டீரியாவை அகற்றினார்கள். வெளியான கட்டுரையில் அவர் ஒரு சுகாதாரப் பணியாளர், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, கடைசியில் ஊழியர் மூக்குதான் என்று 1950களின் நிர்வாகியைப்போல முடிவுகட்ட ஆசை வரும். ஓர் ஊற்றுக்கண் கிடைத்த கதையே இதழ்களில் இடம்பிடிக்கும். கிடைக்காத வார்டுகளின் கதை அதிகம் எழுதப்படுவதில்லை. எனவே பெருந்தொற்று எதுவும் இல்லாத சாதாரண நாட்களில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. பிரைட்டனில் அதைச் செய்தார்கள். 2011 இறுதியிலிருந்து 14 மாதங்கள், ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் 198 ஊழியர்களின் மூக்கிலிருந்து நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மாதிரி எடுத்தார்கள். கட்டில் கம்பி, மேசை என்று 40 இடங்களைத் தொடர்ந்து துடைத்துப் பார்த்தார்கள். வந்து போன நோயாளிகள் 1,854 பேர். கிடைத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் அத்தனைக்கும் மரபணுத்தொகுதி படிக்கப்பட்டது. ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் எந்த நேரத்திலும் மூக்கில் அதைச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

இவ்வளவு மூக்குகளிலிருந்து இவ்வளவு நாட்களில் நோயாளிகளுக்குப் பரவியதாகக் கண்டது 25 முறை. அதில் 16 முறை இன்னொரு நோயாளியிடமிருந்து. 2 முறை சுற்றியுள்ள பொருட்களிலிருந்து. ஊழியர்களிடமிருந்து 7. அந்தப் பிரிவில் கைகழுவுதல் முதலிய முறைகள் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா ஊர்களுக்கும் இதே எண்கள் பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 2017இல் இது வெளியான பிறகு, வகை பொருந்துகிறது என்ற ஒற்றை வரியைக் காட்டி ஒரு செவிலியரை வேலையிலிருந்து நிறுத்துவது அறிவியலின் பெயரால் செய்யக்கூடிய காரியமாக இல்லை.

ஜெவன்ஸ் 1960இல் கண்ட மாதிரிகளைக் கொலின்டேல் தூக்கி எறியவில்லை. அவையும் அந்தக் காலத்து வேறு பல மாதிரிகளும் உலர்த்தப்பட்டுக் கண்ணாடிக் குப்பிகளில் பத்திரமாக இருந்தன. 2017இல் அவற்றைத் திறந்து மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள், அதே கடிகாரத்தைப் பின்னோக்கிச் சுழற்றிப் பார்த்தார்கள். மெத்திசிலினை எதிர்க்கும் மரபணு அந்தக் குடும்பத்துக்குள் நுழைந்தது 1940களின் நடுவில் என்று வந்தது. மருந்து பிறந்ததோ 1959இல். இல்லாத மருந்துக்கு எதிராகப் பாக்டீரியா எப்படி ஆயத்தமானது என்பதையும், அதற்கு விடை தேடிப் போனவர்கள் ஐரோப்பாவின் முள்ளெலிகளிடம் போய்ச் சேர்ந்ததையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.